நோய் உண்டா என்று கேட்டவர்

வீரராகவனுக்கு நாற்பது வயதுதான். பார்த்தால் ஐம்பத்தைந்து சொல்லலாம். அம்மை குத்தும் வேலையில் சேர்ந்த ஆறு வருடத்தில் இரண்டு சைக்கிளை மிதித்தே ஒழித்திருந்தார். நான் அவர் வேலை பார்த்த சுகாதார நிலையத்தில் மருந்து கலக்கிக் கொடுப்பவன். உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு அலுத்துப்போகும். அவரோ கும்மிடிப்பூண்டியிலிருந்து புழுதியில் மிதித்து, பழவேற்காடு ஏரியில் படகேறி, மணல்திட்டுக் குப்பங்களில் வீடு வீடாக நின்று வசவு வாங்கிக்கொண்டு திரும்புவார். அவர் கையில் அம்மை குத்தும் திருகூசியைக் கண்டாலே பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். மேலே இருப்பவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது? படிவம் நிரம்பினால் போதும். படிவத்தின் முதல் கேள்வி, நோய் உண்டா இல்லையா என்பது.

அறுபத்தேழு மாசியில் ஒரு குப்பத்தில், கோவிந்தம்மா என்பவள் வீட்டு வாசலில் நின்று அதையே கேட்டார். அவள் இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தை.

"ஏம்மா, வீட்ல யாருக்காவது நோய் இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல சார்."

"சரி, குழந்தைக்குக் குத்திடலாமா?"

"இப்ப வாணாம் சார். அடுத்த தபா வாங்க."

வெயில் ஏறிவிட்டது. படகுக்காரன் வேறு கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நோய் இருக்கிறது என்றால் கெஞ்சியோ மிரட்டியோ குத்தாமல் நகரமாட்டார். இல்லை என்றானபின் யார் மல்லுக்கட்டுவது? 'இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே கோவிந்தம்மாவின் ஆறு வயது மகள் குணசுந்தரி உடம்பெல்லாம் முத்துப் போட்டுக் கிடந்தாள். வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். அந்த உப்பு மணலில் வேப்பமரம் ஏது? படகில் வந்த ஒரு கட்டு இலையும் பிள்ளையின் படுக்கைக்கே போதவில்லை.

ஒரு மாதம் கழித்துப் போனபோது குணசுந்தரி முகமெல்லாம் தழும்போடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். கைக்குழந்தை இல்லை. புதைத்து நான்கு நாளாகியிருந்தது. வீரராகவனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏம்மா பொய் சொன்னே? பெத்தவதானே நீ?"

அழுது அழுது கோவிந்தம்மாவுக்குக் குரலே இல்லை.

"நான் எங்க சார் பொய் சொன்னேன்? நோய் கீதான்னு கேட்டீங்க, இல்லன்னேன். ஊட்டுக்கு அம்மா வந்திருந்தா. அவள நோயின்னு எந்த வாயால சொல்லுவேன்?"

வீரராகவன் முகத்திலும் தழும்பு உண்டு. பொதட்டூர்பேட்டையில் ஐந்து வயதில் அவர் படுத்துக் கிடந்தபோது, அவரைப் பெற்றவளும் அதை நோய் என்று சொன்னதில்லை. சர்க்கார் சம்பளம் வாங்கியதும் சர்க்கார் வார்த்தை வாயில் ஒட்டிக்கொண்டது. இதை அவரே என்னிடம் சொன்னபோது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"அம்மா வந்திருக்காங்களான்னு கேட்டிருந்தா?" என்று கோவிந்தம்மாவிடம் கேட்டார்.

"உள்ள கூட்டிகினு போய்க் காட்டியிருப்பேனே சார். அம்மா வந்தத யாருனா மறைப்பாங்களா?"

"குழந்தைக்குக் குத்த விட்டிருப்பியா?"

"அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வுட்டிருப்பேன். சொல்லாம ஊசி எடுத்தா அவளுக்குக் கோவம் வரும். அதான் அப்ப வாணாம்னேன்."

வீரராகவன் அடுத்த வீட்டுக்கு நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுக் கேட்டார்.

"அம்மா வந்திருக்காங்களா?"

"வந்துகீறாங்க சார், உள்ள வாங்க" என்று அந்த வீட்டுக்காரி கதவை அகலத் திறந்தாள்.