தகட்டில் ஒரு வட்டம்

என் கட்டிலுக்கு அடியில் முறம் அகலத்தில் ஓர் அலுமினியத் தகடு கிடக்கிறது. அதன் நடுவில் ஆணியால் கீறிய ஒரு வட்டம், உள்ளங்கை அளவு. பழைய இரும்புக்காரர் கேட்டும் நான் கொடுக்கவில்லை. பெருக்கும்போதெல்லாம் அதை நகர்த்தி நகர்த்தி என் மனைவிக்கு அலுத்துவிட்டது. அந்த வட்டத்தைக் கீறியவர் அவளுடைய அண்ணன், என் மச்சான்.

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. சொல்லிச் சொல்லிப் பெருமைதான் பட்டிருக்கிறேன். தங்கச் சுரங்கப் பகுதியான நந்திதுர்க்கில் தகரக் கொட்டகை போட்டு அம்மோனியா டேங்க் செய்தேன். ஐஸ் ஃபேக்டரிகளில் படுக்கவைத்த பெரிய உருளையாகப் பார்த்திருப்பீர்கள். உள்ளே அழுத்தத்தில் அம்மோனியா, தொட முடியாத குளிர். அந்தக் குளிரைக் காப்பாற்ற, இரும்பைச் சுற்றி இடைவெளி விட்டு அலுமினியத் தகடு போர்த்தி, நடுவில் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றுவோம். அது பொங்கி நுரையாகி இறுகிவிடும். படித்த என்ஜினீயர்கள் பேப்பரில் போடும் கணக்கை நான் கண்ணாலேயே போட்டுவிடுவேன். என் டேங்க் ஒழுகினதாகச் சரித்திரமே இல்லை என்று எத்தனை பேரிடம் மார் தட்டியிருப்பேன்.

மைன்ஸ் மூடியதும் வேலையில்லாமல் நின்ற மச்சானைக் கொட்டகைக்கு அழைத்தவனும் நான்தான். அதையும் ஊரெல்லாம் சொன்னேன். சுரங்கத்தில் வெடி வைத்த பிறகு உள்ளே போகிறவர்கள் முதலில் கடப்பாரையால் மேற்பாறையைத் தட்டிப் பார்ப்பார்களாம். கணீரென்றால் நல்ல பாறை. டொப்பென்றால் பின்னால் விட்டுப்போயிருக்கிறது, தலையில் விழும். அந்தப் பழக்கம் மனுஷனை விடவில்லை. நுரை இறுகிய ஒவ்வொரு டேங்க்கையும் கல்யாண மோதிரம் போட்ட விரலால் தட்டிக்கொண்டே போவார், காதைத் தகட்டில் ஒட்டவைத்துக்கொண்டு. இங்கே சத்தம் தலைகீழ்: நுரை நிறைந்த இடம் மொத்தென்று கேட்கும், நிறையாத இடம் கலகலக்கும். டாக்டர் வந்துட்டாரு, மூச்சை இழுத்துப் புடிங்க என்று வெல்டர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரிப்பார், தட்டுவதை நிறுத்த மாட்டார்.

அன்றைக்கு ஒரு டேங்க்கை ஏற்ற லாரி வந்து நின்றிருந்தது. மச்சான் அடிப்பக்கம் குனிந்து தட்டிவிட்டு, ஒரு இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார்.

"மாப்ள, இங்க நுரை போவல. உள்ள காலியா கீது. தகட்டப் பிரிச்சிடலாம்."

காலியான இடத்தில் ஈரம் சேரும், குளிர்ந்த இரும்பு வியர்க்கும், துரு தின்னும். அவருக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். ஆனால் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வேலையில் குற்றமா?

"இது இன்னா மைன்ஸ் ஷாஃப்டா மச்சான், தலைமேல வுழறதுக்கு?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். தோள் துண்டை எடுத்து அந்த வட்டத்தை நானே துடைத்தேன்.

அஞ்சாவது மழைக்காலத்தில், அந்த டேங்க் போன ஐஸ் ஃபேக்டரியிலிருந்து போன் வந்தது. டேங்க்கின் அடித்தகட்டில் வெளியே பனி பூக்கிறதாம். நுரை கெட்டிருக்கும், மாற்றிவிடலாம், அதற்காக டேங்க்கைக் காலி செய்ய வேண்டியதில்லை என்று நானே சொன்னேன். மச்சான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். அம்மோனியாவை வேறு டேங்க்குக்கு மாற்றிவிட்டுத் தொடலாமே என்று கேட்டார்.

"அது என் டேங்க் மச்சான்," என்றேன்.

அவர் செருப்பை மாட்டினார். காலை பஸ்ஸைப் பிடித்துப் போனார். தகட்டை வெட்டி, ஊறிப்போன நுரையைப் பிடுங்கியபோது துருப் பொருக்கும் கூடவே பெயர்ந்து வந்துவிட்டது. அம்மோனியா பீறிட்டு முகத்தில் அடித்தது. தண்ணீர்த் தொட்டிக்கு அவரை இழுத்துப் போவதற்குள் இரண்டு கண்ணும் போய்விட்டன. நெஞ்சும் வெந்துவிட்டது.

அவருடைய பையை எடுத்துவர ஐஸ் ஃபேக்டரிக்குப் போனேன். வெட்டிய தகடு தரையில் கிடந்தது. அதில் ஆணிக் கீறலாக வட்டம். நான் துடைத்துவிட்டுத் திரும்பிய பிறகு, லாரி கிளம்பும் முன்னால் கீறியிருக்கிறார். வெட்டுவதற்கு முன்னால் அதை அவர் பார்த்திருப்பார். தன் வட்டம்தான் என்று தெரிந்திருக்கும். தெரிந்தும், என் வார்த்தைக்காகக் கை வைத்தார்.

விசாரிக்க வந்த அதிகாரியிடம், நான்தான் அவசரப்பட்டு நோண்டிட்டேன் சார் என்று சொன்னார். தங்கச்சியிடமும் அதையே சொன்னார். என் கொட்டகையை யாரும் மூடவில்லை.

நாலு வருஷம் மைசூர் மைன்ஸில், சுரங்க ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரிசி, மருந்து எல்லாம் என் செலவு. அதையும் நான் வெளியே சொல்லாமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டார் சர்ச்சுக்குப் போயிருந்த நேரம், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று, அன்றைக்குப் பையோடு கொண்டுவந்திருந்த அந்தத் தகட்டை எடுத்துப்போய் அவர் மடியில் வைத்தேன். விரல் இளைத்து மோதிரம் லொடலொடவென்று ஆடியது. தடவிக்கொண்டே போன விரல் வட்டத்தில் நின்றது. ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. நான் வாயைத் திறக்கப் பார்த்தேன்.

"டேங்க் எல்லாம் நல்லா போவுதா மாப்ள?" என்று கேட்டார்.

"போவுது மச்சான்."

என் குரல் வந்த பக்கமாகத் தகட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அடுத்த மழைக்கு அவர் இல்லை. கல்லறையில், மச்சானை ராஜா மாதிரி வச்சுப் பாத்தீங்க என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். நான் தலையாட்டினேன்.

எங்கண்ணனுக்கு எதுலயும் அவசரம் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லி அழுகிறாள். அவளுக்கு எழுத்து தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் தகட்டை வெளியே இழுத்து, வட்டத்தின் மேல் என் விரலால் தட்டிப் பார்த்தேன். கலகலத்தது.

"இன்னாங்க சத்தம்?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, பழைய தகடு," என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.