என் தூசியும் எதிர்வீட்டுப் பூனையும்

ஐந்து வருஷமாகக் காலையில் எழுந்ததும் எனக்குப் பன்னிரண்டு தும்மல் வரும். ஒற்றைத் தும்மல் அபசகுனம், இரட்டை நல்லது என்பார்கள். பன்னிரண்டுக்கு என்ன பலன் என்று யாருக்கும் தெரியவில்லை. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில், நான் தும்மினால் விடிந்துவிட்டது என்று கீழ்வீட்டில் அடுப்பு பற்றவைப்பார்கள்.

"டாக்டர்கிட்ட போங்க லா" என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் போகவில்லை. காரணம்தான் எனக்கே தெரியுமே! எதிர்வீட்டுப் பூனை.

எதிர்வீட்டு ஆன்டி யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். கூட ஒரு சாம்பல் நிறப் பூனை. அது தன் வீட்டு மெத்தையை விட்டுவிட்டு, எங்கள் வாசலில் நான் கழற்றிவிட்ட சப்பாத்தின் மேல்தான் தூங்கும். சப்பாத்தில் முடி, முடியில் தூசி, தூசியில் தும்மல். கணக்கு சரியாக வந்தது.

குடியிருப்புக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். "இந்தப் பூனை முடியாலதான் எனக்கு..." என்று ஆரம்பித்ததும் தும்மல் வந்துவிட்டது. ஏழு தடவை. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசத் தேவைப்படவில்லை. பூனையை அனுப்பிவிட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள்.

ஆன்டி சண்டை போடவில்லை. "என்ர பூனை உமக்கு என்ன செய்தது, தம்பி?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் அதை ஒரு கூடையில் போட்டு, காஜாங்கில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி நான் நடந்துகொண்டிருந்தேன்.

ஒரு மாதம் போனது. பூனை இல்லை, முடி இல்லை. தும்மல் மட்டும் இருந்தது. ஒருநாள் காலை பதினைந்து.

"பூனை காஜாங்லேர்ந்து முடி அனுப்புதோ?" என்றாள் மனைவி.

அன்றே என்னைக் கிள்ளானில் ஓர் அலர்ஜி டாக்டரிடம் இழுத்துப் போனாள். சீனப் பெண்மணி, மலாயில் பேசினார். என் முன்கையில் பேனாவால் கோடு கோடாகக் குறித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொட்டு மருந்து விட்டு, ஊசி முனையால் லேசாகக் குத்தினார். பூனை, நாய், கரப்பான், பூஞ்சை, தூசிப்பூச்சி. கால் மணி நேரம் சொறியக் கூடாது என்றார். ஐந்தாவது மட்டும் உளுந்து வடை மாதிரி எழும்பி நின்றது. பூனை குத்தின இடம் பூனை தூங்கின மாதிரி அமைதியாக இருந்தது.

"இது என்ன?"

"வீட்டுத் தூசியில் இருக்கும் பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. நம்மிடமிருந்து உதிரும் தோல்தான் அதற்குச் சாப்பாடு. அதன் கழிவு மூக்கில் போவதால்தான் உங்களுக்குத் தும்மல்."

வீட்டுத் தூசி என்றால் வெளியே கட்டுகிற கொண்டோ மாடிக் கட்டடத்தின் சிமெண்ட்தான் என்று நினைத்திருந்தேன். அதுவும் உண்டாம். வெளி மண், வண்டிப் புகைக் கரி, துணி நார், முடி, செத்த பூச்சித் துண்டு, எல்லாம் உண்டாம். கூடவே நானும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தப் பூச்சிகளுக்குத் தினமும் கல்யாண விருந்து.

"தலையணை வாங்கி எத்தனை வருஷம்?"

நான் வாய் திறக்கும் முன் மனைவி சொன்னாள்: "எங்க கல்யாணத்துக்கும் முன்னாடி, டாக்டர். அது இல்லாம இவருக்குத் தூக்கம் வராது. எங்க போனாலும் தூக்கிட்டு வருவார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

புதுத் தலையணை, அதற்கு நெருக்கமாக நெய்த உறை, வாரா வாரம் சுடுதண்ணீரில் துவைத்த விரிப்பு. பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள் என்றார். மூக்குக்கு ஒரு மருந்தும் கொடுத்தார். பழைய தலையணையைக் குப்பையில் போட நானே எடுத்துப் போனேன். அதன் கனத்தில் பாதி என் தோலாக இருக்குமோ என்று தோன்றியதும் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆன்டி கடைசி வரைக்கும் கேட்டார்.

"அப்ப, உம்மட தோலை நீர் தலைக்குக் கீழ வச்சுக்கொண்டு, என்ர பூனையைப் பிழை சொன்னீர்?"

"ஆமா, ஆன்டி."

"கார் இருக்குத்தானே? வாரும், போவம்."

செராஸ் வழியாகப் போனோம். ரோட்டில் நல்ல ஜாம். காஜாங்கில் தங்கை வீட்டில் எனக்கு டீ கொடுத்தார்கள், பூனையைக் கொடுக்கத்தான் மனமில்லை. ஒரு மாதத்தில் அங்கேயும் செல்லமாகிவிட்டிருந்தது. அக்காவும் தங்கையும் அரைமணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் கூடைக்குள் வைக்கப் போன என் கையை அது நன்றாகக் கீறியது.

அடுத்த கூட்டத்தில் மறுபடியும் எழுந்து நின்றேன். தப்பு என்னுடையது, பூனை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி உட்கார்ந்தேன். சிலர் கைதட்டினார்கள். ஆன்டி தட்டவில்லை. ஆனால் மறுநாள் அவர் வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் தேங்காய்ப்பால் சொதி வந்தது.

இப்போது காலையில் மூன்று தும்மல்தான். கீழ்வீட்டில் அலாரம் வாங்கிவிட்டார்கள்.