வெறும் வயிற்றோடு வரவும்

1. போர்டு

பிசியோதெரபி பாடப் புத்தகத்தில் 'செய்யக்கூடாதவை' என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் இல்லாத ஒன்றை நான் செய்தேன். ஈரத் துணியால் ஒரு போர்டைத் துடைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் அனுபவம் கேட்கும்போதெல்லாம் வேறு கதைகளைச் சொல்லித் தப்பித்துவிட்டேன். இனியும் அப்படிச் செய்தால் அது இன்னொரு துடைப்பு.

இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனி. அங்கே மருத்துவ முகாம் போட்டுப் பார்த்ததில் நிறையப் பெண்களுக்கு இடுப்பளவு, பி.பி., சுகர், ரத்தக் கொழுப்பு எல்லாமே கூடுதல். இப்படிச் சேர்ந்து வருவதற்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர். அந்தப் பெண்கள் 'எல்லாம் ஏறிக் கெடக்கு' என்பார்கள். ஷிப்டுக்கு முன்னால், காலை ஆறரையிலிருந்து ஏழேகால் வரை ஏரோபிக்ஸ் வகுப்பெடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன்.

சேலையை இழுத்துச் செருகி, மேலே கம்பெனி கோட்டு மாட்டிக்கொண்டு அத்தனை பேரும் வரிசையில் நிற்பார்கள். நின்ற இடத்திலேயே மார்ச்சிங், சைடு ஸ்டெப், பிறகு மரப்பெட்டி மேல் ஏறி இறங்குவது. "பேச வரணும், பாட வரக்கூடாது. அதுதான் சரியான வேகம்" என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். அது நல்ல பாடம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

மூன்றாவது வாரம் போர்டில் பெரிதாக எழுதினேன்: 'வெறும் வயிற்றோடு வரவும். அப்போதுதான் கொழுப்பு கரையும்.' இதை எந்த வகுப்பிலும் நான் படிக்கவில்லை. செல்போனில் யாரோ ஒருவர் பேசியதைக் கேட்டேன். இத்தனை வருட சர்வீஸுக்குப் பிறகும் ரிசல்ட் சீக்கிரம் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது.

சுகர் மாத்திரைகளில் சிலவற்றைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொல்வார்கள். போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சுகர் தடாலென்று இறங்கிவிடும். யார் என்ன மாத்திரை போடுகிறார்கள் என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை.

2. பேச்சியம்மாள்

கட்டிங் மெஷினில் பதினோரு வருடமாக நின்றவர் பேச்சியம்மாள். மம்சாபுரத்திலிருந்து வருவார். டாக்டர் சொன்னபடி ஆறு மணிக்கு பஸ்ஸிலேயே மாத்திரை போட்டுவிடுவார். நான் எழுதியபடி டிபன் பாக்ஸை மூடியே வைத்திருப்பார். இரண்டு பேர் பேச்சையும் ஒழுங்காகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் பாதிப் பேர் எனக்குத் தெரியாமல் வடையும் டீயும் முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். பிழைத்தார்கள்.

ஒரு நாள் நான் வேகத்தைக் கூட்டியிருந்தேன். பெட்டியில் ஏறிய பேச்சியம்மாள் அப்படியே நின்றார். முகமெல்லாம் வியர்வை.

"டீச்சர், கண்ணு இருட்டிக்கிட்டு வருது. செத்த நேரம் உக்காந்துக்கிடுதேன்."

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஏட்டி பேச்சி, மெஷின் பக்கத்துல எட்டு மணி நேரம் நிக்கத் தெரியுது, இங்க பத்து நிமிஷம் முடியலயாக்கும்? இன்னும் ரெண்டே நிமிஷம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து வார்த்தை வரவில்லை. பேச வருகிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான், நான் பார்க்கவில்லை. அடுத்த ஏற்றத்தில் பெட்டியோடு சரிந்து, வலது கையை ஊன்றி விழுந்தார்.

முதலுதவி அறையிலிருந்து சுகர் பார்க்கிற மெஷினைக் கொண்டுவந்து விரலில் குத்திப் பார்த்தால் நாற்பத்தாறு. எழுபதுக்குக் கீழே இறங்கவே கூடாது. நல்லவேளை, நினைவு இருந்தது. சர்க்கரை கரைத்த தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தோம். கண் தெளிந்தது. மணிக்கட்டு மட்டும் வீங்கிக்கொண்டே போனது. எலும்பு முறிந்திருந்தது.

மேனேஜர் மாடியிலிருந்து இறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அப்போதுதான் துணியை எடுத்தேன். இரண்டு இழுப்பில் போர்டு சுத்தம்.

"என்ன மேடம் ஆச்சு?"

"சாப்பிடாம வந்திருக்காங்க சார். எம்புட்டு சொன்னாலும் கேக்கறதில்ல."

மேனேஜர் பேச்சியம்மாளைப் பார்த்தார். அவரோ டம்ளரை இடது கையில் பிடித்தபடி என்னை ஒரு தடவை பார்த்தார்.

"ஆமா சார். சாப்பிடாமத்தான் வந்தேன்" என்றார்.

அதில் ஒரு பொய்யும் இல்லை. அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. நான் நினைத்தேன், என் மேல் மரியாதை என்று.

3. பத்தொன்பது நாள்

இரண்டு வாரம் கழித்து மேனேஜரே பேச்சுவாக்கில் சொன்னார்: "சாப்பாட்டுல கவனமில்லாம மயங்கி விழுற ஆள கட்டிங் மெஷின் பக்கத்துல நிறுத்த முடியாது மேடம். கட்டு பிரிச்சாலும் வீட்டுல இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

"அப்படியா சார்" என்றேன். அதற்கப்புறமும் சில நாள் கடத்தினேன். விழுந்த பத்தொன்பதாம் நாள் மம்சாபுரம் பஸ் ஏறினேன். கையில் ஆப்பிள் ஒரு கிலோ.

பேச்சியம்மாள் இடது கையால் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். போர்டு எழுதியது தப்பு, மாத்திரை கேட்காதது தப்பு, துடைத்தது தப்பு. அழுகையும் வந்தது. அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"இதெல்லாம் எனக்குத் தெரியும் டீச்சர். நான் அங்கனதான இருந்தேன். தெரியாதது மேனேஜர் சாருக்குல்லா. அவியகிட்ட சொன்னீகளா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இங்க எதுக்கு வந்தீக?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவர் மன்னித்துவிட்டால் மேனேஜரிடம் போகாமல் தப்பிக்கலாம் என்றுதான் நான் பஸ் ஏறியிருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அது எனக்கே விளங்கியது. கூசிப்போனேன்.

அங்கிருந்து நேரே கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் முழுதும் கேட்டுவிட்டு, பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம். நேத்துதான் அந்த மெஷினுக்கு வேற ஆளப் பழக்கி நிரந்தரமாப் போட்டேன்."

பேச்சியம்மாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், பேக்கிங் செக்ஷனில். கட்டிங் மெஷினில் அவர் இடத்துக்கு வந்தவள் அவரிடமே வேலை பழகியவள். இரண்டு நாள் முன்னால் நான் போயிருந்தால் அந்த இடம் அவருடையது.

4. சொல்ல வந்தது

உடற்பயிற்சி மேல் பழி இல்லை. இந்தப் பெண்களுக்கு அது மருந்துதான். ஆனால் வகுப்புக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டாய். கையில் சர்க்கரை வைத்திருங்கள். 'முடியல' என்று ஒருத்தி சொன்னால் அது சோம்பேறித்தனம் என்று உங்களுக்கு யார் சொன்னது? மாத்திரை கேட்காதது அறியாமல் செய்த தப்பு, அதற்கு ஒரு மணிக்கட்டு போனது. பொய் அறிந்தே செய்தது. அதற்குத்தான் ஒருவருடைய பதினோரு வருடம் போனது.

பேச்சியம்மாள் மறுபடியும் வகுப்புக்கு வந்தார். இட்லி சாப்பிட்டுவிட்டு வருவார், நன்றாகவே செய்வார். களைத்தால் வரிசையை விட்டு விலகிச் சுவரோரம் உட்கார்ந்துகொள்வார். மற்ற பெண்களும் அப்படியே செய்யத் தொடங்கினார்கள். நான் ஓய்வு பெறும் வரை அந்த ஹாலில் ஒருத்திகூட அதன்பின் என்னிடம் 'முடியல' என்று சொல்லவில்லை. உட்கார என்னைக் கேட்கவும் இல்லை.