இருபத்தெட்டு டிகிரி

என் ஓரகத்திக்கு ஊரில் நிதியம்மா என்று பெயர். நான் வைத்த பெயர் இல்லை; வைக்கச் சொல்லியிருந்தால் வேறு மாதிரி வைத்திருப்பேன். என் கொழுந்தனின் மனைவி, என்னைவிட ஆறு வயது சின்னவள். நகராட்சியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். பொதுக் கட்டடங்களில் எண்ணெய் குடித்துப் புகை கக்கும் பழைய பாய்லர்களைத் தூக்கிவிட்டு, கார்பன் குறைவாக வெளியிடும் கருவிகளை வைக்க அரசு மானியம் தருகிறது என்று எங்கேயோ படித்தாள். அவ்வளவுதான். நான்கே வருடத்தில் நூலகம், இரண்டு பள்ளிக்கூடங்கள், நீச்சல் குளம் என்று வரிசையாக மானியம் வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

நான் அரசு மருத்துவமனையின் பராமரிப்புப் பொறியாளர். பட்டம் வாங்கி இருபது வருடம் ஆகிறது. அதே மானியத்துக்கு இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் மூக்குடைபட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். "சின்னவ இப்ப நீச்சல் குளத்துக்கும் வாங்கிட்டாளாம்" என்பார் மாமியார், என் தட்டைப் பார்த்தபடி. "நீ ஏம்மா இன்னும் அந்த ஓட்டை பாய்லரோடயே மாரடிக்கிற?" என் கணவர் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். எனக்கு வயிறு எரியும். எரியாதா பின்னே?

அவளை நான் வேவு பார்க்காத நாள் இல்லை. விண்ணப்பப் படிவத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பாள். நிபந்தனைகள் அங்கேதான் ஒளிந்திருக்குமாம். மானியம் மறுக்கப்பட்ட ஊர்களுக்குப் போன் போட்டு, ஏன் மறுத்தார்கள் என்று கேட்பாள். டார்ச்சோடு பாய்லர் அறைக்குள் இறங்கி, காவல்காரரோடு ஸ்டூலில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசுவாள். வெளியே வரும்போது முழங்கால் வரை தூசி. இதெல்லாம் ஒரு திறமையா என்று நினைத்துக்கொள்வேன். நினைத்தாலும் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது.

மூன்றாவது முறை விஷயம் என் மானத்தோடு நிற்கவில்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் பாய்லருக்கு வயது முப்பத்திரண்டு. உதிரி பாகம் செய்த கம்பெனியே மூடியாகிவிட்டது. இந்த முறையும் மானியம் வராவிட்டால் சலவைக்கூடத்தை மூடிவிட்டு, துணியை வெளியே கொடுத்துத் துவைக்கப்போவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. அங்கே பதினோரு பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் மூத்தவரான இஸ்திரிக்காரம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நம்ம பேப்பர் போயிடுச்சா மேடம்?" என்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் ஓரகத்தி கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனாள். பையின் வாய் திறந்திருந்தது. உள்ளே நீச்சல் குளத்துக்கு அவள் எழுதி வென்ற விண்ணப்பம். நான் அதை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். நாற்பது பக்கம். ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்தேன்.

அலுவலகத்தில் உட்கார்ந்து அதை அப்படியே என் விண்ணப்பமாக அடித்தேன். கட்டடத்தின் பெயரையும் முகவரியையும் கருவியின் அளவையும் மட்டும் மாற்றினேன். மற்றதில் கை வைக்கப் பயம். அவளுடைய வார்த்தைகளில்தான் ஏதோ ராசி இருக்கிறது என்று நம்பினேன். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மானிய இணையதளம் திறந்தது. முதலில் வருபவர்களுக்கே முதலில் பணம். பத்து மணி நான்கு நிமிடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, காலை பதினோரு மணிக்கு மானியம் தரும் நிதி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி கூப்பிட்டார்.

"மேடம், சலவைக்கூடத்துத் தண்ணி இருபத்தெட்டு டிகிரி இருந்தா போதும்னு எழுதியிருக்கீங்க. அந்தச் சூட்டுல ஆபரேஷன் துணிய எப்படித் துவைப்பீங்க?"

நான் அவசரமாக என் நகலைப் புரட்டினேன்.

"அப்புறம் பதினாறாம் பக்கத்துல, 'நீந்த வருபவர்கள் இனிக் குளிரில் நடுங்க மாட்டார்கள்'னு இருக்கு. சலவைக்கூடத்துல யார் மேடம் நீந்துறாங்க?" அவர் சிரிக்காமல்தான் கேட்டார். "இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள திருத்தி அனுப்புங்க. இல்லன்னா உங்க இடம் வரிசையில அடுத்தவங்களுக்குப் போயிடும்."

யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரியும். அவளைக் கூப்பிடுவதைவிட வேலையை ராஜினாமா செய்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் வேலை போகப்போவது எனக்கு இல்லை, அந்தப் பதினோரு பேருக்கு. கூப்பிட்டேன்.

அரைமணி நேரத்தில் வந்தாள். என் மேசைக்கு வரவில்லை. நேராகச் சலவைக்கூடத்துக்குப் போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன்.

"எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு வேணும்மா?" என்று இஸ்திரிக்காரம்மாவிடம் கேட்டாள்.

"கொதிக்கிற தண்ணி ஆபரேஷன் துணிக்கு மட்டும்தாம்மா. போர்வை, தலையணை உறையெல்லாம் அறுபது டிகிரியிலயே வெளுத்துடும். அதுக்குத் தகுந்த சோப்புத்தூள் இருக்கு. எங்ககிட்ட யாரு கேக்குறா?"

ஒன்பது வருடமாக அந்தக் கூடத்தைத் தினமும் தாண்டிப் போகிறேன். நான் கேட்டதில்லை.

பெரும்பாலான துவைப்புக்கு, காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப்; ஆபரேஷன் துணிக்கு மட்டும் ஒரு சின்ன மின்சார பாய்லர். நான் கணக்குப் போட்டேன், அவள் தட்டச்சு செய்தாள். நான்கு மணி நாற்பதுக்குத் திருத்தம் போய்ச் சேர்ந்தது.

"உன் பையிலேருந்து எடுத்துட்டேன்" என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"தெரியும்க்கா. நீங்க பாக்கணும்னுதான் திறந்து வெச்சிட்டுப் போனேன். கையில குடுத்தா நீங்க வாங்கியிருக்க மாட்டீங்க." கொஞ்சம் தயங்கினாள். "டிகிரிய மாத்திடுவீங்கன்னு நெனச்சேன்க்கா. நீங்க இன்ஜினியராச்சே."

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள். திருட்டுகூட எனக்குச் சொந்தமில்லை என்று ஆகிவிட்டது. அவளை அந்த நிமிடம் வெறுத்த மாதிரி நான் யாரையும் வெறுத்ததில்லை.

மானியம் வந்தது. நிர்வாக இயக்குநர் கூட்டத்தில் எனக்குப் பூங்கொத்து கொடுத்தார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். பேசினேன், எல்லோருக்கும் நன்றி சொன்னேன். அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

கூட்டம் முடிந்து சலவைக்கூடத்துப் பக்கம் போனேன். பதினோரு பேரும் வாசலுக்கு வந்து கைதட்டினார்கள். "வாங்க நிதியம்மா!" என்றார் இஸ்திரிக்காரம்மா. நான்கு வருடமாக நான் ஏங்கிய பெயர் அது.

பின்னால் ஓரகத்தி வந்துவிட்டாளோ என்று திரும்பிப் பார்த்தேன்.