நீலக் கயிறு

அந்த நாயின் கழுத்தில் இருந்தது வள்ளங்களில் கட்டும் நீல நைலோன் கயிறு. மூன்று புரி. முடிச்சு இடது காதுக்குக் கீழே இருந்தது. அதிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கயிறு தொங்கியது. நுனி கடித்து அறுத்ததுபோலப் பிய்ந்திருந்தது. முதல் நாள் நான் கண்டது இவ்வளவும்தான்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு என்று நினைக்கிறேன். வடக்குக் கரையிலிருந்து இடம்பெயர்ந்த சனங்கள் உரும்பிராயில் எங்கள் வளவுக்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூடத்தில் சில மாதம் தங்கியிருந்தார்கள். ஒன்பது வகுப்பறையில் முப்பத்தாறு குடும்பம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானே எண்ணினேன். அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை. பிறகு அவர்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். உழவு இயந்திரத்தின் பெட்டியில் பாய் ஏறியது, சட்டி ஏறியது, கோழிகூட ஏறியது. நாய் ஏறவில்லை. குட்டியாக இருந்தபோது யாரோ கட்டிவைத்த கயிறு. குட்டி வளர்ந்தது. கயிறு வளருமா?

இரக்கப்பட்டேன் என்று எழுதினால் பொய். அந்த வருடங்களில் எனக்குள் ஒன்றும் இறங்கவில்லை. குண்டு விழுந்த வீட்டைப் பார்க்கப் போனால் எத்தனை ஓடு தப்பியது என்றுதான் பார்த்தேன். செத்த வீட்டுக்குப் போனால் பந்தலுக்கு எத்தனை கால் நட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஆனால் இந்தக் கயிறு என்னை அந்தரப்படுத்தியது. மாசி மாதம் கயிற்றுக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் போகும்போல இருந்தது. பங்குனியில் ஒரு விரல்கூடப் போகாது. சித்திரையில் கயிறு மயிருக்குள் மறைந்துவிட்டது. வெட்டாவிட்டால் நாய் சாகும். வெட்டுவதென்றால் தொட வேண்டும். அதுவோ மனிதனைக் கண்டால் ஓடுகிற நாய்.

எந்தத் தெருநாய்க்கும் ஒரு விஷயம் தெரியும்: மனிதன் குனிந்தால் அடுத்தது கல். பின்வளவில் வேலியோரம் சோற்றுச் சிரட்டையை வைக்க நான் குனிந்தேன். நிமிர்ந்தபோது நாய் பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்கு அப்பால் நின்றது. நான் உள்ளே போன பிறகு வந்து தின்றது. அடுத்த நாள் கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டு இருந்தேன். அது என்னைப் பார்க்கவில்லை, கதிரையைப் பார்த்தது. யாரோ அதன்மேல் கதிரை எறிந்திருக்க வேண்டும். ஆகவே அது வருவதற்கு முன்பே போய் வெறும் நிலத்தில் குந்தத் தொடங்கினேன். குந்துவது பெரிய காரியமில்லை. எழும்புவதற்குப் பூவரசின் அடியைப் பிடித்து இரண்டு தவணையாக எழும்ப வேண்டியிருந்தது. வேட்டியெல்லாம் செம்மண். சவர்க்காரம் கிடைக்காத காலம்.

மனைவி பேசுவது குறைந்துபோய் ஐந்து வருடமாகியிருந்தது. எங்கள் இளையவன் எண்பத்தாறில் வீட்டைவிட்டுப் போனவன்; போன பிறகு ஒரு தகவலும் இல்லை. மூத்தவர்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில். பின்னேரம் நாலு மணிக்குக் குசினிப் படியில் வந்து இருந்தாளென்றால் விளக்கு வைக்கிற நேரம்வரை எழும்ப மாட்டாள். எதையும் பார்க்கிறாள் என்று சொல்ல முடியாது. நாய் அவள் காலடியால் போனாலும் அவள் கண் அதோடு போகாது. என்னைக் கண்டு ஓடுகிற நாய் அவளைக் கண்டு ஓடவில்லை என்பதை நான் கவனித்தேன். எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

சோறு போதாது என்று தெரிந்தது. சோற்றுக்காக அது காத்திருக்கும், நான் போகும்வரை. ஆனால் மீன்காரர் சைக்கிளை நிறுத்துகிற ஒழுங்கை முடக்கில், மீன்தண்ணி சிந்திய மண்ணை அது நின்று நக்குவதைக் கண்டிருக்கிறேன். அந்த நேரம் ஆட்கள் போவது வருவதுகூட அதற்குத் தெரியவில்லை.

எங்கள் வீடு முழுச் சைவம். முட்டைகூட வளவுக்குள் வந்ததில்லை. மீன்காரர் குருநகரிலிருந்து வருகிற கத்தோலிக்க வேதக்காரர். எங்கள் வாசற் படலையைக் கடக்கும்போது மட்டும் ஹோர்னை அமத்தமாட்டார். அது அவர் எங்களுக்குத் தந்த மரியாதை. நான் கையை நீட்டி மறித்தபோது அவர் பிறேக் பிடித்த பிடியில் பெட்டி சரியப் பார்த்தது.

"என்ன ஐயா, நேரம் கேக்கவோ மறிச்சனியள்?"

"தம்பி, மீன்தலை ஏதும் மிஞ்சினதோ?"

"ஆருக்கு?"

"நாய்க்கு."

"எல்லாரும் முதல்லை நாய்க்கெண்டுதான் கேக்கிறவை. பிறகு பூனைக்கு. பிறகு ஒருநாள் சட்டியோடை வந்து நிப்பினம்." சிரித்துக்கொண்டு ஒரு கை சூடை மீனை வாழையிலையில் வைத்தார். நாயின் கதையைச் சொன்னேன். "உதுக்கேன் இவ்வளவு பாடு? ஒரு சாக்கைப் போட்டு அமத்தினால் முடிஞ்சுது. நான் பிடிச்சுத் தாறன்."

ஒருநாள் சாக்கைப் போட்டும் பார்த்தார். சாக்கு நிலத்தில் கிடந்தது, நாய் நாலு நாள் கண்ணில் படவில்லை. அதற்குப் பிறகு அவருடைய சைக்கிள் சத்தம் கேட்டாலே ஓடியது. மீன் மணம் மட்டும் அதற்குப் பிடித்தபடியே இருந்தது.

மீன் வைத்த சிரட்டையை வேலிக் கதியால் தடியில் கட்டித் தூக்கியிருந்தேன். அதற்கு மட்டும் மனைவி வாய் திறந்தாள்.

"உது படி தாண்டி வரப்படாது."

"வராது."

பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணை, உங்கடை வேலி மணக்குது."

"நாய்க்கு வைச்சது, பிள்ளை."

"ஓமோம், நாய்க்குத்தானே. உங்கடை வாய் கோயிலிலை புராணத்துக்குப் பயன் சொல்லுற வாய் எண்டு நான் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை."

மறுநாள் கோயிலில் நாலு பேர் என்னிடம் மீன் என்ன விலை போகிறது என்று கேட்டார்கள்.

முதலில் எங்களுக்கிடையில் ஏழு முழம். மீனை எறியக் கூடாது. கை ஓங்கினால் ஓடும். நிலத்தோடு தள்ளிவிட வேண்டும். ஏழு ஆறாகியது, ஆறு நாலாகியது. நாலில் நின்றுவிட்டது. ஒருநாள் அப்படி இருக்கும்போது பொம்மர் விமானம் வந்தது. பக்கத்து வீட்டார் பங்கருக்குள் ஓடினார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். நான் பூவரசைப் பிடித்து முதல் தவணை எழும்புவதற்குள் அது எங்கள் தலைக்கு மேலே வந்துவிட்டது, திரும்பவும் இருந்துவிட்டேன். குண்டு கோப்பாய்ப் பக்கம் விழுந்தது. மண் அதிர்ந்தது. நாய் நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது. எல்லாம் அடங்கிய பிறகு பார்த்தேன், நாலு முழம் நாலு முழமாகவே இருந்தது. அதுவும் என்னிடம் வரவில்லை, நானும் அதனிடம் போகவில்லை.

வைகாசி முடிவில் என் கையிலிருந்து வாங்கித் தின்றது. தின்னும்போது மற்றக் கையால் முதுகைத் தொட்டேன். முழு உடம்பும் நடுங்கியது, ஆனால் நின்றது. கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனேன். முடிச்சு மட்டும்தான் வெளியே இருந்தது. மற்றதெல்லாம் சதைக்குள். ஈ மொய்த்தது. நாற்றம் அடித்தது. மீனைக்கூடத் துண்டு துண்டாகப் பிய்த்துக் கொடுத்தால்தான் விழுங்கியது. மனைவியின் பாக்குவெட்டியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். இன்னும் ஒரு கிழமை பழக்கினால் வெட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

அந்தக் கிழமைதான் மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்றார்கள். மீன்காரர் வரவில்லை. நான் வெறும் சோற்றோடு குந்தியிருந்தேன். நாய் இரண்டு முழம் பின்வாங்கியது, பிறகு நாலு. கஞ்சி வார்த்து வைத்தேன். இருமி இருமிக் குடித்தது. ஒன்பதாம் நாள் கஞ்சியில் பாதி மூக்கால் வந்தது.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளியில் எங்கள் பக்கம் மீன்காரர் வருவதில்லை. வந்தாலும் ஒரு வீட்டிலும் சட்டி நீட்ட மாட்டார்கள். அன்றைக்கு வந்தார்.

"வெள்ளியெண்டு மறந்து போச்சோ, தம்பி?"

"ராத்திரித்தான் கடலுக்குப் போக விட்டவங்கள். எங்களுக்கு வெள்ளியெண்டால் இறைச்சிதான் இல்லை, ஐயா. மீனுக்கு ஆண்டவர் ஒண்டும் சொல்லேல்லை." பெட்டியைத் திறந்தார். "உங்கடை ஆள் கிடக்கோ, செத்துப்போட்டுதோ?"

"கிடக்கு."

ஒரு முழு மீனைத் தந்தார். நாய்க்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று சைக்கிளை ஏறாமல் உருட்டிக்கொண்டே போனார்.

பின்னேரம் நாய் வந்தது. முன்னங்கால் இரண்டும் என் முழங்காலுக்குக் கிட்ட. மீனை வலது கையில் பிடித்துக்கொண்டேன். அது நுனியைக் கடித்துப் பிய்த்தது. இடது கையால் முடிச்சைத் தூக்கினேன், தூக்க விட்டது. பாக்குவெட்டியை எடுக்கப் போனபோதுதான் விளங்கியது, கயிற்றைத் தூக்க ஒரு கை, வெட்ட ஒரு கை, மீனுக்குக் கை இல்லை. மீனை நிலத்தில் வைத்தால் கவ்விக்கொண்டு போய்விடும். யாராவது பிடித்துக்கொண்டிருந்தால் மட்டும், பிய்த்துப் பிய்த்து அந்த இடத்திலேயே நிற்கும். பக்கத்து வீட்டுப் பெண் அதைத் தடியால் எறிந்தவள். மீன்காரர் சாக்குக்காரர். இத்தனை நாள் எத்தனையோ எண்ணியவன், கையை எண்ணவில்லை.

மனைவி குளித்து முழுகி, கோயில் சீலையோடு படியில் இருந்தாள். நான் தலையைத் திருப்பாமல் மெதுவாகக் கூப்பிட்டேன்.

"இஞ்சாரும்."

நாய் இன்னொரு துண்டைப் பிய்த்தது.

"ஒருக்கால் இஞ்சை வாரும். ஆறுதலா, மெள்ள வாரும்."

"ஏன்?"

"இதைப் பிடிக்க வேணும்."

"எதை?"

"மீனை."

காகம் இரண்டு தரம் கத்தியது.

"இண்டைக்கு வெள்ளி," என்றாள்.

"ஓம்."

"நான் முழுகிப்போட்டு இருக்கிறன்."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ கேக்கிறியள்?"

"நாளைக்கு இது விழுங்காது."

சீலை உரசுகிற சத்தம் கேட்டது. அவள் பக்கத்தில் வந்து குந்தினாள். நாய் கண்ணைக்கூட உயர்த்தவில்லை. கையை நீட்டினாள், முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் மீனை அவள் கையில் மாற்றினேன்.

"வழுக்குது."

"வாலிலை இறுக்கிப் பிடியும்."

முடிச்சைத் தூக்கி அலகைக் கீழே விட்டேன். முதல் புரி அறுந்தது. நாய் ஊளையிட்டது. இரண்டாவது புரிக்கு அலகு சதையில் பட்டது. அவளுடைய மணிக்கட்டு முழுவதும் அதன் வாய்க்குள் இருந்தது. அவள் கையை இழுக்கவில்லை. "கெதியா," என்றாள், வேலியைப் பார்த்தபடி. மூன்றாவது புரிக்கு இரண்டு கையாலும் அமத்தினேன். கயிறு சதையிலிருந்து உரிந்து என் கையோடு வந்தது. நாய் கத்திக்கொண்டு ஓடியது. அது வேலிக்கு அப்பால் போன பிறகும் கத்தல் கேட்டது.

அவள் கையில் பல் தடம் ஏழு இருந்தது. தோல் கிழியவில்லை. மிச்ச மீன் இன்னும் அந்தக் கையிலேயே இருந்தது. நான் வாங்கி வேலிக்கு வெளியே எறிந்தேன். அவள் சாம்பல் போட்டுக் கழுவினாள், புளி போட்டுக் கழுவினாள், தேசிக்காய்ப் பாதியால் தேய்த்தாள். திரும்ப வந்து படியில் இருந்தாள்.

"கோயிலுக்குப் போகேல்லையோ?"

"இந்தக் கையோடையோ?"

ஐந்து நாள் நாய் வரவில்லை. செத்திருக்கும் என்று முடிவு செய்து பள்ளிக்கூட வளவைச் சுற்றிப் பார்த்தேன், பிணம் இல்லை. ஆறாம் நாள் பின்னேரம் நான் வழக்கமான இடத்தில் மீனோடு குந்தியிருந்தேன். நாய் படலைக்குள்ளால் வந்தது. என்னைக் கண்டது. நான் மீனை நிலத்தோடு தள்ளினேன். அது மீனைப் பார்த்தது, என் கைகளைப் பார்த்தது, பிறகு வேலியோரமாகப் பெரிய வட்டம் போட்டு என்னைச் சுற்றிப்போய்ப் படியில் இருந்தவளின் காலடியில் படுத்தது.

நான் பூவரசைப் பிடித்து எழும்பினேன். நாயும் எழும்பியது.

"அதிலையே நில்லுங்கோ," என்றாள் மனைவி. நாய் படுத்தது.

நான் நின்ற இடத்திலிருந்தே கேட்டேன்.

"புண் எப்பிடி?"

"கிடக்கு."

"கிடக்கெண்டால்? சீழ் இருக்கோ?"

அவள் குனிந்து பார்த்தாள். "ஒரு பக்கம் இருக்கு."

"எந்தப் பக்கம்?"

"காதுக்குக் கீழை. முடிச்சு இருந்த பக்கம்."

"புழு?"

"இல்லை."

"வடிவாப் பாரும். மயிரை விலத்திப் பாரும். எத்தினை இடத்திலை திறந்து கிடக்கு?"

"கத்தாதேங்கோ. அது நடுங்குது." கையை அதன் முதுகில் வைத்தாள். "வேப்பெண்ணெய்ப் போத்திலை எடுத்துக்கொண்டு வாங்கோ. முன்பக்கத்தாலை வாங்கோ. படியிலை வைச்சிட்டு அங்காலை போங்கோ."

வீட்டைச் சுற்றி முன்பக்கத்தால் போய்ப் போத்தலை எடுத்துவந்தேன். படியின் மேல்தட்டில் வைத்தேன். நாய் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கிணற்றடிக்குப் போய் மற்றப் பக்கம் திரும்பி நின்றேன். மூடி திறக்கிற சத்தம் கேட்டது.