இரண்டாவது கியரும் என் சகலையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பைக்கில் மாமனார் ஊரான கோபிக்குப் போய்க்கொண்டிருந்தோம். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்றை முந்தலாம் என்று இரண்டாவது கியரில் போட்டு முறுக்கினேன். டக் என்று ஒரு சத்தம்... எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. எதிரே பஸ். பின்னால் என் மனைவி, அவள் மடியில் அவள் அம்மாவுக்கு வாங்கிய மைசூர்பாகு. எப்படியோ டிராக்டருக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன்.

உயிர் பிழைத்ததும் எனக்கு முதலில் யார் ஞாபகம் வந்தது தெரியுமா? கடவுள் இல்லை. என் சகலை.

மனைவியின் அக்காவைக் கட்டியவர். கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டர். நானோ கல்லூரியில் காமர்ஸ் நடத்துகிறவன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம். மாமனார் ஆளுக்கொரு பைக் வாங்கிக் கொடுத்தார் — ஒரே ஷோரூம், ஒரே கறுப்பு, எஞ்சின் நம்பர்கூட அடுத்தடுத்து. “இதெல்லாம் எதுக்குங்க மாமா” என்று சொல்லிக்கொண்டே சாவியை வாங்கிக்கொண்டேன்.

ஐந்து வருஷம் ஆயிற்று. அவர் வண்டி இன்றைக்கும் ஒரே உதையில் கிளம்புகிறது. கியர் விழுவது காதில் கேட்பதில்லை. என் வண்டி மட்டும் ஏன் இப்படி? ரொம்ப நாளாகவே எனக்கு ஒரு பதில் உண்டு. நல்லதை மூத்த மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, சொத்தையை என் தலையில் கட்டிவிட்டார் மாமனார். சகலை வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

காந்திபுரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். கியர் ஆயிலை மாற்றினார். டக். இன்னொருவர் கிளட்ச் பிளேட் போய்விட்டது என்றார். அதையும் மாற்றினோம். மறுபடியும் டக்.

“ஏனுங்க, கம்முனு அக்காவூட்டு மாமாகிட்டக் கொண்டுபோய்க் காட்டுங்க. வேண்டாம்னா சொல்லப்போறாரு?” என்றாள் மனைவி.

சொல்ல மாட்டார். அதுதானே பிரச்சினை!

வேறு வழியில்லாமல் அடுத்த ஞாயிறு கணபதிக்கு, சகலை வீட்டுக்குப் போனேன். போர்டிகோவில் அவருடைய வண்டி பளபளவென்று நின்றது. பக்கத்தில் நாற்காலியில் மாமனார். மூத்த மகளுக்கு வாழைத்தார் கொடுக்க கோபியிலிருந்து வந்திருந்தார்.

சகலை என் வண்டியைத் தெருக்கோடி வரைக்கும் ஓட்டிவிட்டுத் திரும்பினார். இரண்டே நிமிஷம்.

“கிளட்ச் இல்லீங்க சகலை. அது நழுவுனா கியர் விழுந்தபடியே இருக்கும், எஞ்சின் மட்டும் ஏறும். இது கியரே வெளிய வந்துருது. கியர்பாக்ஸைப் பிரிச்சுத்தானுங்க பாக்கோணும்.”

கியர் ஆயிலைத் தட்டில் இறக்கி, ஒரு சொட்டை விரலில் தொட்டு வெயிலில் காட்டினார். விரலெல்லாம் வெள்ளி மாதிரி மினுக்மினுக்கென்று இரும்புத் தூள். எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? ஐந்து வருஷமாகத் தேடிய சாட்சி கிடைத்துவிட்டதே.

“அப்பவே சொல்லோணும்னு நெனச்சனுங்க மாமா,” என்றேன் மாமனாரிடம். “இந்த வண்டி வரும்போதே சொத்தைங்க.”

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். “ரெண்டும் ஒண்ணாத்தானுங்க மாப்ள பாத்து வாங்குனேன்” என்றார், குரல் கம்மிப்போய். பாவமாக இருந்ததா என்று கேட்காதீர்கள். இல்லை. கொஞ்சம் இனிப்பாகத்தான் இருந்தது.

மத்தியானத்துக்குள் எஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்கி, இரண்டாகப் பிளந்துவிட்டார் சகலை. உள்ளேயிருந்து கவட்டை மாதிரி ஒரு துண்டை எடுத்தார். கியரைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுகிற ஃபோர்க் அது. அதன் ஒரு கை தேய்ந்து, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. ஒரு கியர் இன்னொன்றைக் கவ்விக்கொள்ளும் பற்களின் முனையெல்லாம் மழுங்கிக் கிடந்தது.

 சகலை ஃபோர்க்கைப் பார்த்தார். பிறகு கழற்றி வைத்திருந்த என் கியர் லீவரைப் பார்த்தார். அவர் கண் போன இடத்துக்கு என் கண்ணும் போனது.

லீவரின் ரப்பர் மொழுமொழுவென்று வழுக்கையாக இருந்தது. பக்கத்தில் நின்ற அவருடைய வண்டியிலும் அதே வயசு ரப்பர்தான். வரி வரியாக, நேற்று போட்டது மாதிரி இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. வண்டியில் ஏறி உட்கார்ந்தால் இறங்கும்வரை என் இடது கால் கியர் லீவரின் மேல்தான் இருக்கும். கல்லூரிக்குப் போக, வர, கோபிக்குப் போக, வர. அந்தப் பாரம் முழுவதும் உள்ளே ஃபோர்க்கைக் கியரோடு அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. தேயாமல் என்ன செய்யும்?

“நெசமாவே சொத்தைங்களா மாப்ள?” என்று சகலையிடம் கேட்டார் மாமனார்.

 ‘கியர் மேலயே காலை வெச்சு ஓட்டறாருங்க’ — இவ்வளவுதான், இதைச் சொன்னால் என் கதை முடிந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளையின் குறையை மாமனார் காதுபடச் சொல்ல மாட்டார்கள். தலை போனாலும் சொல்ல மாட்டார்கள்.

“தேயற சாமான் தேயத்தானுங்க மாமா செய்யும். புதுசு போட்டாச் செரியாயிருமுங்க” என்றார் சகலை.

மாமனாருக்கு மனசு ஆறவில்லை. “இல்லீங்க. சின்னவருக்குக் கொறை வெக்கக் கூடாது. உங்க வண்டிய அவருக்குக் குடுத்துருங்க. இதைச் செரி பண்ணி நீங்க ஓட்டிக்குங்க.”

சகலை கையைத் துடைத்துக்கொண்டு சாவியை நீட்டினார். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

அந்த நிமிஷத்திலாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். “எதுக்குங்க இதெல்லாம்” என்றேன். சாவி என் பாக்கெட்டில் இருந்தது.

வாரம் முழுக்க அவர் வண்டியை ஓட்டினேன். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஆசைப்பட்ட வண்டி கைக்கு வந்தாயிற்று, வயிற்றெரிச்சல் அடங்க வேண்டுமா இல்லையா? கூடியது. முன்பு அவர் வண்டியைப் பார்த்துப் பொறாமை. இப்போது, அதை இத்தனை சுலபமாக எடுத்துக் கொடுக்க முடிந்த மனசைப் பார்த்து. நானாக இருந்தால் கொடுத்திருப்பேனா? சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லியிருப்பேன்.

வியாழக்கிழமை அவினாசி ரோடு சிக்னலில் நிற்கும்போது, மனைவி பின்னாலிருந்து மெதுவாக, “ஏனுங்க... காலு” என்றாள்.

“என்ன காலு?”

“கியர் மேலயே இருக்குது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான் வெக்கறீங்க.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“சொன்னாக் கோவிச்சுக்குவீங்க.”

சனிக்கிழமை வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டேன். என் வண்டி தயாராக நின்றது. புது ஃபோர்க், இரண்டு புது கியர், லீவருக்குப் புது ரப்பர். ‘என் வண்டியே போதுங்க’ என்றேன். ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும், “சகலை, காலை ஃபுட்ரெஸ்ட்ல வெச்சு ஓட்டிப் பாருங்க. முட்டி வலிக்காதுங்க” என்றார். எனக்கு முட்டி வலியென்று யாரிடமும் நான் சொன்னதில்லை.

மாமனார் விஷயம்தான் பாக்கி. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சரியாகச் சாப்பிடவில்லையாம். “நாம பாத்து வாங்கிக் குடுத்தது சின்னவருக்கு இப்படி ஆயிப்போச்சே” என்று பஸ் ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாராம். மனைவியின் அக்கா சொன்னார். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் கோபிக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே, “வண்டி எப்படீங்க மாப்ள ஓடுது?” என்று கேட்டார். எனக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். “அங்க மழைங்களா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

நல்லவேளை, பத்திரிகையில் நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியை அவர் ஒரு வாரம் விடாமல் படிக்கிறவர். ஆகவே...

மாமா, நீங்க ரெண்டு வண்டியும் நல்லாப் பாத்துத்தானுங்க வாங்குனீங்க. மாப்பிள்ளையிலதானுங்க ஒண்ணு சொத்தையாப் போச்சு.