புனிதவதி டீச்சரின் இங்கிலீஷ்

மலேசியாவில் ஈஜோக் என்ற சிற்றூரில் இங்கிலீஷ் என்றால் புனிதவதி டீச்சர்தான். முப்பத்தொரு வருடமாகக் கடைவீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறார். பார்வைக்கு அக்கா தங்கை போலிருந்து பொருளில் காலை வாரிவிடும் சொற்கள் என்றால் அவருக்கு உயிர். வீனல், வீனியல் இரண்டையும் அவர் பிரித்துக் காட்டும் அழகே தனி.

“காசு வாங்கிக்கிட்டு, வேலைக்கு வராதவன் பேரையும் வந்ததா எழுதுறானே தோட்டத்து மண்டோர், அவன் வீனல். காலையில பேர் கூப்பிடுற பிரட்டுக்கு அஞ்சு நிமிசம் லேட்டா வந்து நின்னான் பாரு ஒருத்தன், அவன் செஞ்சது வீனியல். மன்னிச்சு விட்டுறலாம்.”

இத்தனையும் தமிழில்தான். அது பெற்றோர் போட்ட சட்டம். “பிள்ளைக்கு வெளங்கணும் டீச்சர், தமிழ்லயே சொல்லிக் குடுத்துருங்க,” என்பார்கள். அவரும் அப்படியே செய்துவந்தார்.

இந்த வருடம் பிள்ளைகள் ஒன்பது பேராகக் குறைந்துவிட்டார்கள். சொல்லுக்குப் பொருள் கேட்கக் கைத்தொலைபேசி இருக்கும்போது டீச்சர் எதற்கு? அவருக்கும் வயது ஐம்பத்தாறு. முட்டிவலியோடு மாடி ஏறி இறங்கி அலுத்துவிட்டது. ரவாங்கில் ஒரு தனியார் பள்ளிக்கு இங்கிலீஷ் ஆசிரியை தேவை என்று கேள்விப்பட்டு மனுப் போட்டார். அந்த வேலை கிடைத்தால் போதும், மிச்சக் காலம் நிம்மதியாகப் போய்விடும் என்றிருந்தார்.

எழுத்துத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. தலைமையாசிரியை அசந்துபோனார். சிரித்த முகத்தோடு, உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

புனிதவதி டீச்சர் வாயைத் திறந்தார். ஆயிரம் சொல்லுக்குப் பொருள் தெரிந்தவர். அவற்றை வைத்து ஒரு மனுஷரோடும் பேசியதே இல்லை. பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். “டீச்சிங், டீச்சிங்,” என்று இரண்டு தரம் சொல்லி நிறுத்திக்கொண்டார். தலைமையாசிரியை பரிதாபப்பட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பரிதாபத்தைத்தான் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள், வேலை இல்லை என்று செய்தி வந்தது.

அன்று மாலையே முடிவெடுத்தார். இனி வகுப்பில் தமிழ் கிடையாது. பலகையில் இன்ஜீனியஸ், இன்ஜெனுவஸ் என்று எழுதிவிட்டு, கெட்டிக்காரத்தனம் எது, கள்ளமில்லாத மனம் எது என்று இங்கிலீஷிலேயே விளக்கத் தொடங்கினார். நாக்கு குழறியது, கழுத்தெல்லாம் வியர்த்தது. ஆனாலும் நாலு வாக்கியம் விடாமல் பேசிவிட்டார். உள்ளுக்குள் சின்னதாக ஒரு பெருமை.

முன்வரிசை ஷாமளா கை தூக்கினாள். “டீச்சர், ஒண்ணும் வெளங்கல லா. எப்பவும் சொல்ற மாதிரி சொல்லுங்க.”

மற்ற எட்டுத் தலைகளும் ஆமாம் போட்டன.

கொஞ்சம் பிடிவாதம் பிடித்திருக்கலாம். ஐந்தாவது வாக்கியத்தைத் தேடியும் பார்த்தார். முப்பது வருட அசதி முழுக்க அந்த ஒரு நிமிடத்தில் வந்து அமுக்கியது.

“சரி, கேளுங்க,” என்று தமிழுக்குத் திரும்பினார். பேச்சு மடமடவென்று வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், எழுதிக்கொண்டார்கள். அவருக்கும் அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததை நினைத்துத்தான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதார்.